லேசர் என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

“டாக்டர், அம்மாவுக்கு அவ்வளவு முற்றிவிட்டதா?”

கண்நீர் அழுத்த நோய்ப் பிரிவில் இக்கேள்வி எங்களிடம் அடிக்கடி வருகிறது. தாயாருக்கு லேசர் சிகிச்சை செய்யலாம் என்று நாங்கள் சொன்னவுடன், உடன் வந்த மகனின் முகம் வாடிவிடுகிறது. சொட்டு மருந்து என்றால் தொடக்கம், லேசர் என்றால் முற்றிய நிலை, அறுவை சிகிச்சை என்றால் கைவிட்ட நிலை என்று ஒரு படிவரிசை பலருடைய மனத்தில் பதிந்திருக்கிறது. “இன்னும் ஆறு மாதம் மருந்தே போட்டுப் பார்க்கிறோம்” என்று சொல்லி அவர்கள் எழுந்துவிடுகிறார்கள்.

அந்தப் படிவரிசையை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கண் மருத்துவர்களாகிய நாங்களேதாம். பல ஆண்டுகள் நாங்கள் அவ்வாறே நடந்துகொண்டோம். முதலில் ஒரு மருந்து, போதவில்லையெனில் இரண்டாவது, பிறகு மூன்றாவது, அதற்கும் அழுத்தம் அடங்கவில்லையெனில் லேசர். இன்று இந்த வரிசை மாற வேண்டும் என்பது எங்கள் கருத்து. தகுதியுள்ள நோயாளர்களுக்கு லேசரைச் சொட்டு மருந்துக்கு இணையான ஒரு வழியாக, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். அதனுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: லேசர் செய்துகொண்டவர் நோயிலிருந்து விடுபட்டவர் அல்லர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்டால் தீங்கே விளையும்.

அழுத்தம் ஏன் கூடுகிறது?

கண்நீர் என்று இங்கே நாங்கள் குறிப்பிடுவது அழும்போது வழியும் கண்ணீரை அன்று. விழியின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கிறது. கார்னியாவும் ஐரிஸ் எனப்படும் நிறத்திரையும் சந்திக்கின்ற கோணத்தில் சல்லடை போன்றதொரு திசு உண்டு. அதன் வழியே அந்நீர் வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிதலும் ஒத்திருக்கும்வரை கண்ணின் அழுத்தம் சீராக இருக்கும். பெரும்பாலோருக்கு அது 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் அமையும். உங்கள் சிகிச்சை அட்டையில் ஒவ்வொரு முறையும் நாங்கள் எழுதும் எண் இதுதான்.

சல்லடையில் வடிதல் குறைந்தால் அழுத்தம் கூடுகிறது. அதனால் பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. சிலருக்கு 21-க்குக் கீழே இருக்கும்போதே நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு. ஆகவே, எல்லாருக்கும் பொதுவான ஓர் எண்ணை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. நரம்பின் நிலை, வயது, பாதிப்பின் வேகம் ஆகியவற்றைக் கருதி ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு அழுத்தத்தை வகுத்துக்கொள்கிறோம்.

பெரும்பாலும் இந்நோயில் வலி இல்லை. முதலில் ஓரப்பார்வை குறைகிறது. ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுசெய்துவிடுவதால் நோயாளருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சென்னை நகரிலும் அதனை அடுத்த ஊர்ப்புறங்களிலும் நடத்தப்பட்ட ஆய்வில், இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். அழிந்த நரம்பிழையை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகிய மூன்றும் செய்வது ஒரே வேலையைத்தான்: அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சியுள்ள பார்வையைக் காப்பது.

எந்த லேசர்?

லேசர் என்ற ஒரே சொல் கண் மருத்துவத்தில் பல சிகிச்சைகளைக் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. கண்ணாடி அணிவதைத் தவிர்க்கச் செய்யும் லாசிக் வேறு. நீரிழிவால் பாதிக்கப்பட்ட விழித்திரைக்குச் செய்யும் லேசர் வேறு. கண்புரை அறுவைக்குப் பின் லென்சின் பின்புறச் சவ்வு மங்கினால் செய்யும் லேசரும் வேறு. “என் அண்ணனுக்கு லேசர் செய்தும் பார்வை தெளியவில்லை” என்று ஒருவர் சொல்லும்போது, அது எந்த லேசர் என்று நாங்கள் முதலில் கேட்பதற்குக் காரணம் இதுவே.

கண்நீர் அழுத்த நோய்க்கும் ஒன்றுக்கு மேற்பட்ட லேசர்கள் உள்ளன. வடிகால் கோணம் குறுகி அடைபடும் நிலையில் உள்ளோருக்கு, ஐரிஸின் ஓரத்தில் ஊசிமுனை அளவான துளையிட்டு நீர் செல்ல மாற்றுவழி அமைக்கிறோம். அதன் பெயர் இரிடாட்டமி. கோணம் திறந்திருந்தும் சல்லடைத் திசு சரிவர இயங்காதோருக்குச் செய்வது எஸ்.எல்.டி. எனப்படும் செலக்டிவ் லேசர் டிரபெகுலோபிளாஸ்டி. இக்கட்டுரை பேசுவது இந்த இரண்டாவது லேசரைப் பற்றி. இரண்டில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கோனியோஸ்கோபி எனப்படும் கோணப் பரிசோதனையே முடிவு செய்யும். சிறு கண்ணாடி வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் இப்பரிசோதனையைச் செய்யாமல் எவருக்கும் லேசரைப் பரிந்துரைக்கலாகாது.

சல்லடைத் திசுவுக்கு லேசர் செய்யும் முறை புதியது அன்று. 1979-இல் ஆர்கான் லேசரைக் கொண்டு அது தொடங்கியது. ஆனால் அந்த லேசர் திசுவைச் சுட்டுத் தழும்பாக்கியது. ஆகவே அதனை மீண்டும் மீண்டும் செய்ய இயலவில்லை. 1995-இல் மார்க் லாட்டினா என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் எஸ்.எல்.டி. முறையை அறிமுகப்படுத்தினார். ஒரு நொடியில் நூறு கோடியில் மூன்று பங்கு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பு, நிறமியுள்ள உயிரணுக்களை மட்டும் தூண்டி, சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் விட்டுவிடுகிறது. தூண்டப்பட்ட திசு அடுத்துவரும் வாரங்களில் தன்னைச் சீர்செய்துகொள்வதால் நீர் முன்னிலும் எளிதாக வடிகிறது. தழும்பு மிகக் குறைவு என்பதால், பயன் தந்தவர்களுக்குத் தேவைப்படும்போது மீண்டும் செய்யலாம்.

சொட்டு மருந்தில் என்ன குறை?

மருந்தில் குறையொன்றும் இல்லை. ஒழுங்காக இடப்படும் சொட்டு மருந்தால் பார்வையைக் காத்துக்கொண்டோர் ஏராளம். ஆனால் ‘ஒழுங்காக’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வலியில்லாத நோய்க்கு, போட்டாலும் போடாவிட்டாலும் வேறுபாடு தெரியாத மருந்தை, வாழ்நாள் முழுவதும் நாள் தவறாமல் போடுவது எளிதன்று.

மூட்டுவாதத்தால் விரல் மடங்காத மூதாட்டி, மருந்துப் புட்டியை அழுத்த முடியாமல் நான்கு சொட்டுகளைக் கன்னத்தில் வழியவிடுகிறார். மகனும் மகளும் வெளியூரில் இருக்க, தனியே வாழும் பெரியவர், இன்று போட்டோமா இல்லையா என்ற ஐயத்திலேயே இரவைக் கழிக்கிறார். பேத்தியின் திருமணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போனவர், மருந்தை வீட்டுக் குளிர்பெட்டியிலேயே விட்டுச் செல்கிறார். மாதக் கடைசியில் புட்டி தீர்ந்தால், அடுத்த சம்பளம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று குடும்பம் முடிவு செய்கிறது. இவர்களில் ஒருவரையும் பொறுப்பற்றவர் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பரிசோதனைக்கு வரும் நாளில் மட்டும் காலையில் மருந்து போட்டுக்கொண்டு வருவோரின் அட்டையில் நல்ல எண்ணை எழுதி, நாங்களும் ஏமாந்துபோகிறோம்.

மருந்துக்கென்று சில பக்கவிளைவுகளும் உண்டு. டிமோலால் வகை மருந்துகள் ஆஸ்துமா உள்ளோருக்கும் இதயத் துடிப்பு மிகக் குறைந்தோருக்கும் ஆகா. லாட்டனோபிராஸ்ட் வகை மருந்துகளால் கண் சிவத்தலும், இமையைச் சுற்றிலும் கருமை படிதலும் நேரலாம். அதைக் கண்டு கூச்சமுற்று, எங்களிடம் சொல்லாமலே மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு.

ஆய்வுகள் சொல்வது

பிரிட்டனில் ‘லைட்’ என்ற பெயரில் நடந்த ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 718 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு முதலில் லேசர். மற்றதற்கு முதலில் சொட்டு மருந்து. மூன்றாண்டு முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. லேசரில் தொடங்கியோரில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர், ஒரு சொட்டு மருந்தும் இன்றி இலக்கு அழுத்தத்தில் இருந்தனர். ஆறாண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அவ்வாறே இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒன்று அல்லது இரண்டு முறை லேசரே போதியதாக இருந்தது. ஆறாண்டுக் காலத்தில் நோய் வளர்ந்த கண்கள் லேசர் குழுவில் 19.6 விழுக்காடு, மருந்துக் குழுவில் 26.8 விழுக்காடு. அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை, லேசர் குழுவில் 13 கண்களுக்கும் மருந்துக் குழுவில் 32 கண்களுக்கும் தேவைப்பட்டது. 2022-இல் பிரிட்டனின் தேசியச் சிகிச்சை வழிகாட்டுதல், தகுதியுள்ளோருக்கு எஸ்.எல்.டி.யை முதற்சிகிச்சையாக அளிக்குமாறு திருத்தப்பட்டது.

அது வசதி மிக்க நாடு, நம் நிலைமை வேறு என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான். தான்சானியாவில் கிளிமஞ்சாரோ பகுதியில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வை இதற்கு விடையாகக் காட்டலாம். அங்கே டிமோலால் சொட்டு மருந்தும் லேசரும் ஒப்பிடப்பட்டன. ஓராண்டு முடிவில், மருந்து பெற்ற கண்களில் 31 விழுக்காடே வெற்றி கண்டது. லேசர் பெற்ற கண்களில், சிலவற்றுக்கு மறுமுறை செய்ததையும் சேர்த்து, 61 விழுக்காடு வெற்றி கண்டது. மருந்தைத் தொடர்ந்து வாங்குவதும் மருத்துவமனைக்கு அடிக்கடி வருவதும் கடினமாக உள்ள இடங்களில்தான் லேசரின் பயன் மிகுதி என்று நாங்கள் கருதுகிறோம். அதே ஆய்வில், பத்தில் ஏறத்தாழ நான்கு கண்களுக்கு லேசர் மட்டும் போதவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

அன்றைய தினம் என்ன நடக்கும்?

அச்சத்தில் பாதி, என்ன நடக்கும் என்று அறியாததால் வருகிறது. பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து ஊசியும் இல்லை. அழுத்தம் திடீரென உயராமலிருக்க ஒரு சொட்டும், கண் மரத்துப்போக ஒரு சொட்டும் இடுவோம். வழக்கமான கண் பரிசோதனைக் கருவியின் முன் அமர்ந்து, முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொள்வீர்கள். கூழ் போன்ற மருந்து தடவிய வில்லையைக் கண்ணின்மேல் வைத்து, வடிகால் கோணம் முழுவதையும் சுற்றி ஏறத்தாழ நூறு ஒளித்துடிப்புகளைச் செலுத்துவோம். ஒரு கண்ணுக்குப் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஒளி மின்னுவது தெரியும். சிலருக்கு இலேசான குத்தல் இருக்கும். அறுப்பதும் இல்லை, தையலும் இல்லை.

பிறகு ஒரு மணி நேரமளவு காத்திருந்து, அழுத்தத்தை மீண்டும் அளந்த பின் வீடு திரும்பலாம். சிலருக்கு அழுத்தம் சற்று உயர்ந்து மருந்தால் தணியும். ஆகவே அந்த அளவீட்டுக்கு முன் புறப்பட்டுவிட வேண்டா. அன்று பார்வை சிறிது மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு ஒருவர் வருவது நல்லது. வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் இலேசான சிவப்பும் கூச்சமும் இருக்கக்கூடும். கடும் வலியோ பார்வைக் குறைவோ நேர்ந்தால் உடனே வரவேண்டும். பலன் அன்றே தெரியாது. நான்கு முதல் எட்டு வாரங்களுக்குப் பின்னரே எவ்வளவு குறைந்தது என்று சொல்ல இயலும். அதுவரை, நாங்கள் சொல்லாமல் பழைய மருந்தை நிறுத்தக் கூடாது.

யாருக்குப் பொருந்தாது?

கோணம் அடைபட்டோருக்கும், கண்ணுக்குள் அழற்சி உள்ளோருக்கும், நீரிழிவு முதலியவற்றால் கோணத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்தோருக்கும் எஸ்.எல்.டி. ஏற்றதன்று. நரம்பு பெரிதும் சேதமுற்று, அழுத்தத்தை மிகக் கீழே கொண்டுவர வேண்டியவர்களுக்கு லேசர் மட்டும் போதாது. அவர்களிடம் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுமாறு நாங்கள் சொல்ல மாட்டோம். பொருந்துவோருக்கும் பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காடு வரையே அழுத்தம் குறைகிறது. சிலருக்குப் பயனே இராது. பயன் பெற்றோருக்கும் சில ஆண்டுகளில் அது தேய்ந்துவிடலாம். இழந்த பார்வை லேசரால் திரும்பாது.

எங்களை வருத்தும் ஒன்று

ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் எஸ்.எல்.டி. செய்தோம். அழுத்தம் 26-இலிருந்து 17-க்கு இறங்கியது. மருந்துப் புட்டிகளைத் தூக்கிப் போட்ட மகிழ்ச்சியில் அவர் எங்களுக்கு நன்றி சொல்லிச் சென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, கண்ணாடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வந்தார். அழுத்தம் மீண்டும் 28-ஐ எட்டியிருந்தது. வலக்கண்ணின் பார்வைப் புலத்தில் பாதிக்கு மேல் மறைந்திருந்தது. “லேசர்தான் செய்தாகிவிட்டதே, டாக்டர்” என்றார்.

அவருடைய பழைய அட்டையை எடுத்துப் பார்த்தோம். ‘மறுபரிசோதனைக்கு வரவும்’ என்று எங்கள் கையெழுத்தில் இருந்தது. எந்த நாள் என்று எழுதவில்லை. வராதபோது அவரைத் தொலைபேசியில் அழைக்கவும் இல்லை. லேசரை நாங்கள் நன்றாகவே செய்திருந்தோம். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

சொட்டு மருந்து தொல்லைதான். ஆயினும், உனக்கு ஒரு நோய் இருக்கிறது என்பதை அது நாள்தோறும் நினைவூட்டுகிறது. லேசர் அத்தொல்லையை நீக்கும்போது அந்த நினைவூட்டலையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. ஆகவே லேசரை முதலிலேயே அளிக்க வேண்டும் என்று வாதிடும் மருத்துவர்கள், நோயாளரைத் திரும்ப வரவழைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அடுத்த பரிசோதனை நாளை அட்டையில் எழுதாமல் லேசர் அறையிலிருந்து ஒருவரையும் அனுப்பலாகாது என்பதை எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டுள்ளோம்.

குடும்பத்தார்க்கு

உங்களிடம் நாங்கள் வேண்டுவன சில. நோய் கண்டறியப்பட்ட அன்றே தயங்காமல் கேளுங்கள்: கோணம் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா? எஸ்.எல்.டி. பொருந்துமா? பொருந்தாதெனில் ஏன்? இலக்கு அழுத்தம் எவ்வளவு? செலவையும் கேளுங்கள், லேசரின் ஒருமுறைச் செலவை, ஆண்டு முழுவதும் வாங்கும் மருந்தின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து போடுவதில் தவறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்வோம் என்று அஞ்சி மறைத்தால், தேவையற்ற இன்னொரு மருந்தை எழுத நேரும்.

லேசருக்குப் பின் அடுத்த பரிசோதனை நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், “சாப்பிட்டாயா அம்மா” என்று கேட்கும் தொலைபேசி உரையாடலில், “கண்ணைக் காட்டினாயா” என்றும் சேர்த்துக் கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு. துணைக்கு வரும் நாளில் உங்கள் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன மகனுக்கு எங்கள் விடை இது: அம்மாவுக்கு நோய் முற்றிவிடவில்லை. முற்றாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்போது லேசர் என்று சொல்கிறோம். செய்துகொண்ட பிறகும், குறித்த நாளில் அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள்.